ஒரு குவளையில் பசியாறல்

“பசியாறிவிட்டாயா?” என்று கேட்பது நம் நாட்டுத் தமிழரின் வழக்கம். காலை உணவுக்குப் ‘பசியாறல்’ என்னும் பெயர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நன்றாக ஊன்றிவிட்டது. பொருத்தமான பெயர்தான். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்த ஒருவர், மறுநாள் காலை ஏழு மணிக்குள் பதினொரு மணி நேரம் உணவில்லாமல் இருந்திருப்பார். அந்த நேரத்தில் அவர் உறங்கியிருப்பார். அவருடைய மூளை ஓய்ந்திருக்காது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது.

இருந்தும், இடைநிலைப்பள்ளி மாணவர் பலரின் வீட்டில் காலைப்பொழுது எப்படி இருக்கிறது? பள்ளிப் பேருந்து ஆறரை மணிக்கு வாசலில் நிற்கும். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார்கள். தோசை ஊற்றவோ இட்டிலி அவிக்கவோ நேரம் இருக்காது. இரண்டு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. ஒன்றும் உண்ணாமல் ஓய்வு நேர மணிக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. அத்தகைய காலைப்பொழுதுக்கு ஏற்ற உணவு ஒன்றை இங்கே காண்போம். இதற்கு அடுப்பு வேண்டா. முதல் நாள் இரவே செய்து வைத்துவிடலாம். தயிர், நிலக்கடலை வெண்ணெய், பழம் ஆகிய மூன்றையும் ஒரு கண்ணாடிக் குவளையில் அடுக்கினால் போதும்.

மேலை நாடுகளில் இத்தகைய உணவைப் ‘பர்ஃபே’ என்பார்கள். ‘குறையற்றது’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. பிரான்சில் அந்தப் பெயர் பாலேடும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து உறைய வைத்த இனிப்பைக் குறிக்கும். அமெரிக்காவிலோ உயரமான கண்ணாடிக் குவளையில் அடுக்கடுக்காகப் போட்ட உணவுக்கு அப்பெயர் வழங்குகிறது. நாம் இதை ‘அடுக்குத் தயிர்’ என்றே அழைப்போம்.

வெள்ளை, பழுப்பு, மஞ்சள் என வரிவரியாகத் தெரியும் இந்தக் குவளையைப் பார்ப்பவர்கள், அடுக்குவது அழகுக்காக என்றே நினைப்பார்கள். அழகும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், எது கீழே, எது நடுவில், எது மேலே என்பதை முடிவு செய்வது அழகு அன்று, தண்ணீர்.

இதை ஒரு சிறு சோதனையால் அறியலாம். தயிர், வெட்டிய மாம்பழம், வறுத்த அவல் ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் கொட்டிக் கலக்குங்கள். ஒரு கரண்டி சர்க்கரையும் சேர்த்து இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் திறந்தால் தயிர் நீர்த்திருக்கும். அவல் ஊறிக் குழைந்திருக்கும். பெட்டிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது அந்த நீர்?

ஒரு பகுதி பழத்திலிருந்து வந்தது. பழத்தை வெட்டும்போது கத்தி அதன் உயிரணுக்களைக் கிழிக்கிறது. உள்ளிருக்கும் சாறு கசிகிறது. மேலே சர்க்கரை தூவினால் கசிவு கூடும். அடர்த்தி குறைந்த இடத்திலிருந்து அடர்த்தி மிகுந்த இடத்திற்கு நீர் சவ்வின் வழியே நகரும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சவ்வூடுபரவல்தான் இங்கும் நடக்கிறது. மாங்காயில் உப்பைப் பிசிறி வைத்தால் ஊறுகாய்ச் சாடியில் நீர் சேர்வதும் இதனால்தான்.

மற்றொரு பகுதி தயிரிலிருந்தே வந்தது. அதைப் புரிந்துகொள்ளத் தயிர் எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. உறை ஊற்றும்போது நாம் சேர்க்கும் ஒரு கரண்டிப் பழைய தயிரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை லாக்டோஸை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. பால் மெல்ல மெல்லப் புளிக்கிறது. அமிலத்தன்மை ஓர் அளவை எட்டியதும், அதாவது பிஎச் மதிப்பு 4.6-ஐ நெருங்கியதும், பாலில் மிதந்துகொண்டிருக்கும் கேசீன் என்னும் புரதம் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல் ஆகிறது. அந்த வலைக்குள் நீரும் கொழுப்பும் அகப்பட்டுக்கொள்கின்றன. அதுதான் தயிர். பல்கேரியாவைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் மருத்துவ மாணவர், 1905-இல் தம் நாட்டுத் தயிரை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் இருந்த ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அந்த நாட்டின் நினைவாகவே அதன் பெயரில் ‘பல்கேரிக்கஸ்’ என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. கடைகளில் விற்கும் யோகர்ட்டில் பெரும்பாலும் இந்த பாக்டீரியாவும் ‘தெர்மோஃபிலஸ்’ என்னும் மற்றொன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. நம் வீட்டுத் தயிரில் இன்னும் பல வகைகள் கலந்திருக்கும். பாட்டி உறை ஊற்றிய தயிரும் பக்கத்து வீட்டுத் தயிரும் சுவையில் வேறுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தயிரின் புரத வலை மென்மையானது. கரண்டியால் ஓங்கிக் கலக்கினால் அறுந்துவிடும். அகப்பட்டிருந்த நீர் வெளியேறும். தயிர்ச் சட்டியில் ஒரு கரண்டி எடுத்த பள்ளத்தில், சற்று நேரத்தில் இளமஞ்சள் நீர் தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கெட்டுப்போன தயிர் என்று சிலர் கொட்டிவிடுவார்கள். அது கெட்டதன்று, வலையிலிருந்து கசிந்த நீர்தான்.

ஆகவே, அடுக்குத் தயிருக்கு நீர் குறைந்த தயிர் வேண்டும். கடையில் ‘கிரேக்கத் தயிர்’ என்னும் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் இவ்வாறு நீர் வடித்த தயிரே. அதன் விலை கூடுதலாக இருக்கும். அதை வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு வடிகட்டியின்மேல் தூய பருத்தித் துணியை விரித்து, வீட்டுத் தயிரை ஊற்றி, கீழே ஒரு கிண்ணத்தை வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிடுங்கள். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டித் தயிர் கிடைக்கும். கிண்ணத்தில் சேர்ந்த நீரில் சுண்ணாம்புச்சத்தும் சிறிது புரதமும் உண்டு. சப்பாத்தி மாவு பிசையும்போது தண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்றலாம்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். லாக்டோஸைச் செரிக்க உதவும் நொதி, குழந்தைப் பருவத்திற்குப் பிறகு ஆசிய மக்களில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. தயிரில் பாக்டீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை முன்னரே உண்டுவிடுகின்றன; எஞ்சியதைச் செரிக்கவும் அவற்றின் நொதி குடலில் துணைபுரிகிறது. அதனால், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்கிறது. பால் புரதமே ஒவ்வாதவர்களின் நிலை வேறு. அவர்கள் தயிரையும் தவிர்க்க வேண்டும்.

அடுத்தது நிலக்கடலை வெண்ணெய். பெயரில் வெண்ணெய் இருந்தாலும் இதில் பால் இல்லை. வறுத்த நிலக்கடலையைக் குழம்பாகும்வரை அரைக்கும் முறைக்கு 1884-இல் கனடாவின் மொன்ட்ரியல் நகரைச் சேர்ந்த மார்செலஸ் எட்சன் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். நிலக்கடலை நமக்குப் புதிதன்று. ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கடலையும் முறுக்கும் செய்து விற்றுவரும் கம்போங் கச்சாங் பூத்தே இருக்கிறது. அதே ஈப்போவைச் சேர்ந்த மெங்லெம்பு, வறுத்த நிலக்கடலைக்குப் பெயர்பெற்றது. பெயரில் கடலை என்றும் ஆங்கில வழக்கில் கொட்டை என்றும் வழங்கினாலும், இது மண்ணுக்கடியில் காய்க்கும் பயறு இனம். முந்திரி, பாதாம் ஆகியவற்றைவிடப் பாசிப்பயறே இதற்கு நெருங்கிய உறவு.

இதை வீட்டிலேயே செய்யலாம். 200 கிராம் நிலக்கடலையை மிதமான தீயில், ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள் தோன்றும்வரை வறுத்து ஆறவிடுங்கள். தோலைத் தேய்த்து ஊதிவிட்டு, ஒரு சிட்டிகை உப்புடன் பிளெண்டரில் அரையுங்கள். முதலில் பொடியாகும். பிறகு உருண்டையாகத் திரளும். ‘இது ஆகாது போலும்’ என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பிளெண்டரைச் சற்று ஆறவிட்டு, பக்கங்களை வழித்துவிட்டு மீண்டும் அரைத்தால், கடலையிலிருந்து எண்ணெய் வெளியேறித் தானாகவே குழம்பாகும். நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் என்பதால், வேறு எண்ணெய் சேர்க்கத் தேவையில்லை. தண்ணீர் மட்டும் ஒரு சொட்டும் படக்கூடாது. தண்ணீர் ஊற்றி அரைத்தால் கிடைப்பது கடலைச் சட்டினி. அது இரண்டு நாளில் கெட்டுவிடும். தண்ணீர் படாத நிலக்கடலை வெண்ணெய் மூடிய புட்டியில் பல வாரங்கள் இருக்கும். நாளடைவில் எண்ணெய் மேலே மிதந்தால், கிளறிவிட்டால் போதும். கடையில் வாங்கும் சில வகைகளில் எண்ணெய் பிரியாதிருப்பதற்குக் காரணம், அவற்றில் சேர்க்கப்படும் கெட்டிப்படுத்திய தாவர எண்ணெய்.

கடலை வாங்கும்போது கவனம் தேவை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மடிந்தன. காரணம் தெரியாததால் அதை ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே முதலில் குறித்தார்கள். ஆராய்ந்தபோது, அவற்றுக்குத் தீவனமாக இடப்பட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது தெரியவந்தது. ‘அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்’ என்னும் அந்தப் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சுக்கு, அதன் பெயரிலிருந்தே ‘அஃப்ளாடாக்சின்’ என்று பெயரிட்டார்கள். நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கவல்ல நஞ்சு அது. வறுத்தாலும் முழுமையாக அழியாது. வெப்பமும் ஈரமும் நிறைந்த நம் நாட்டுத் தட்பவெப்பம் அந்தப் பூஞ்சைக்கு மிகவும் பிடிக்கும். எனவே, சுருங்கியதும் நிறம் மாறியதும் பூசணம் பூத்ததுமான கடலையைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். ஒரு பருப்பு கசந்தால் துப்பிவிடுங்கள். சிறிதளவே வாங்கி, காற்றுப் புகாத புட்டியில் வைத்து, விரைவில் தீர்த்துவிடுவது நல்லது.

இனிப் பழம். இத்தகைய உணவின் படங்களில் புளூபெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் சிவப்பும் நீலமுமாக மின்னும். கேமரன் மலையில் ஸ்ட்ராபெர்ரி விளைகிறது என்பது உண்மைதான்; ஆனாலும், வாரம் மூன்று முறை வாங்கும் விலையில் அது இருப்பதில்லை. காலைச் சந்தையில் கிடைக்கும் வாழைப்பழம், மாம்பழம், டிராகன் பழம், கொய்யா ஆகியவை இந்தக் குவளைக்கு மிக நன்றாகப் பொருந்தும். சிறிய, மஞ்சள் நிறப் பீசாங் மாஸ் இருந்தால் சர்க்கரையே தேவைப்படாது.

சில பழங்களின் இயல்பைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். வெட்டிய வாழைப்பழம் கறுப்பதற்குக் காரணம், அதிலுள்ள ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செயல்படுவதே. சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அந்தச் செயல் மந்தமாகும். பழத்தைத் தயிரின் அடியில் புதைத்தாலும் காற்று எளிதில் அண்டாது.

அன்னாசியின் சிக்கல் வேறு. அதில் புரோமெலைன் என்னும் நொதி இருக்கிறது. அது புரதத்தை வெட்டும். அன்னாசியை அதிகமாகத் தின்றால் நாக்கு எரிவதும் அதனால்தான். பச்சை அன்னாசித் துண்டுகளை இரவே தயிரில் போட்டு வைத்தால், நாம் மேலே பார்த்த கேசீன் வலையை அது வெட்டத் தொடங்கும். காலையில் தயிர் நீர்த்துக் கசப்பேறியிருக்கும். கிவி பழமும் அப்படியே. இவற்றை உண்ணும் நேரத்தில் சேர்த்தால் ஒரு குறையும் இல்லை. டின்னில் அடைத்த அன்னாசியை இரவே போடலாம். சூடுபடுத்தியபோது அந்த நொதி செயலிழந்துவிட்டது. ‘அகர் அகரில் அன்னாசி போடுகிறோமே, அது நன்றாகத்தானே உறைகிறது?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அகர் அகர் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் மாவுப்பொருள் வகையைச் சேர்ந்தது. அதில் வெட்டுவதற்குப் புரதமே இல்லை.

இப்போது அடுக்கும் முறைக்கு வருவோம். ஒருவருக்கு ஏறத்தாழ 150 கிராம் தயிர், ஒரு மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெய், ஒரு கைப்பிடிப் பழத்துண்டுகள், இரண்டு மேசைக்கரண்டி வறுத்த அவல் போதும். ஓட்ஸை வறுத்தும் சேர்க்கலாம். முதலில் பழத்தைக் குவளையின் அடியில் போடுங்கள். கசியும் சாறு அங்கேயே தங்கி, கடைசிக் கரண்டிக்கு இனிப்பாக மிஞ்சும். அதன்மேல் தயிரில் பாதியை மெதுவாக வையுங்கள், கலக்க வேண்டா. பிறகு நிலக்கடலை வெண்ணெய். குளிரில் அது இறுகியிருந்தால் புட்டியை இரண்டு நிமிடம் வெந்நீரில் நிறுத்தினால் இளகும். அதைத் தயிரின்மேல் ஒழுகவிட்டு, மீதித் தயிரால் மூடுங்கள். இரவு வேலை இவ்வளவுதான்.

அவலைக் காலையில் உண்ணும்போது தூவுங்கள். உலர்ந்த அவலும் ஓட்ஸும் பஞ்சைப்போல் நீரை இழுப்பவை. இரவே தூவினால் மொறுமொறுப்பு போய்விடும். இரவே தூவித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நிலக்கடலை வெண்ணெயை மேலடுக்காகப் பரப்பி, அதன்மேல் அவலைத் தூவுங்கள். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதால், தயிரின் ஈரம் அவலை எட்டுவதை அந்தப் படலம் தாமதப்படுத்தும். ரொட்டியில் வெண்ணெய் தடவிய பிறகு தக்காளியை வைத்தால் ரொட்டி விரைவில் நனையாதிருப்பது இதே காரணத்தால்தான். ஊறிய ஓட்ஸையே விரும்புபவர்கள் எல்லாவற்றையும் திருப்பிப் போடலாம். ஓட்ஸை அடியில் போட்டு, அதன்மேல் பழத்தை வைத்தால், கசியும் சாற்றையெல்லாம் ஓட்ஸ் குடித்துவிடும்.

இந்த ஒரு குவளையில் ஏறத்தாழ 9 கிராம் புரதம் கிடைக்கும். அது ஒன்றரை முட்டையில் உள்ள அளவு. நீர் வடித்த கட்டித் தயிரானால் இன்னும் கூடும். புரதமும் கொழுப்பும் மெதுவாகச் செரிப்பதால், வெறும் பிஸ்கட்டைவிட இது நெடுநேரம் பசி தாங்கும்.

சர்க்கரை விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. கடையில் பழச்சுவையுடன் விற்கும் தயிர் வகைகளின் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். சேர்க்கப்பட்ட பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் இருக்கும். சர்க்கரை இரண்டாவது இடத்திலும் பழம் அதற்குப் பின்னும் இருந்தால், நீங்கள் வாங்குவது எதை என்பது தெளிவாகிவிடும். சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி அளவுக்குள் வைத்துக்கொள்வது கூடுதல் நன்மை தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இனிப்பில்லாத தயிரில் நன்கு பழுத்த பழத்தைச் சேர்த்தால் இந்தக் கணக்கே தேவைப்படாது. தேன் விரும்புபவர்கள் சிறிது சேர்க்கலாம். ஆனால், வீட்டில் ஒரு வயது நிரம்பாத தம்பியோ தங்கையோ இருந்தால், தேன் கலந்த எதையும் ஊட்டாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா, அந்த வயதுக் குழந்தைகளுக்குக் கடும் நோயைத் தரக்கூடும்.

நிலக்கடலை ஒவ்வாமை விளையாட்டான செய்தியன்று. சிலருக்கு மிகச் சிறிய அளவு பட்டாலும் உதடு வீங்கும், உடல் தடிக்கும், மூச்சுத் திணறும், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி யாருக்கேனும் நேர்ந்தால் உடனே ஆசிரியரிடம் கூறி, 999-ஐ அழைக்க வேண்டும். நண்பருக்கு ஒரு வாய் கொடுப்பதற்குமுன் “உனக்குக் கடலை ஒத்துக்கொள்ளுமா?” என்று கேட்டுவிடுங்கள். கடலையைத் தொட்ட கரண்டியை அவரிடம் நீட்டவும் வேண்டா. நிலக்கடலை ஆகாதவர்கள் சூரியகாந்தி விதையையோ பூசணி விதையையோ இதே முறையில் வறுத்து அரைத்துப் பயன்படுத்தலாம். எள்ளும் சுவையாக இருக்கும். ஆனால், எள் ஒவ்வாதவர்களும் இருக்கிறார்கள்.

முதல் நாள் செய்த குவளையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைக்காமல், உள்தட்டில் பின்பக்கமாக மூடி வையுங்கள். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கிருக்கும் பொருள்கள் சூடாகின்றன. உணவில் கிருமிகள் விரைந்து பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில். நம் நாட்டு வகுப்பறை அதன் நடுவில் இருக்கிறது. எனவே, வீட்டில் உண்டுவிட்டுப் புறப்படுவதே சிறந்தது. ஓய்வு நேரத்திற்கு எடுத்துச் செல்பவர்கள், இறுக மூடிய குவளையை உறைய வைத்த பனிப்பையுடன் வெப்பம் புகாத சிறு பையில் வைத்துக்கொள்ளலாம். அவலைத் தனியாக ஒரு சிறு பொட்டலத்தில் மடித்துக்கொண்டு, சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்த பிறகு தூவிக்கொள்ளுங்கள்.